ஊசிக்கண் மூடிய பேச்சு

லிஃப்ட் அக்கா என்ற பேர் தெருக்காரர்கள் வைத்தது. பதினெட்டு வருஷமாக ஒரு லிஃப்ட் கம்பெனியின் புகார் மேசையில் உட்கார்ந்திருக்கிறாள். காதில் மாட்டிய ஹெட்போன், முன்னால் ஒரு திரை, பக்கத்தில் மூடி தொலைந்துபோன தண்ணீர் பாட்டில். எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் நடுவழியில் நின்றாலும், உள்ளே மாட்டிக்கொண்டவர் அமுக்குகிற பொத்தான் இவள் காதில்தான் வந்து அலறும். "பயப்படாதீங்க, காத்து வரும், மூச்சு முட்டாது. எந்த மாடிக்கும் எந்த மாடிக்கும் நடுவுல நிக்குது, அதை மட்டும் சொல்லுங்க" என்பாள். கதவைத் திறப்பவர் மெக்கானிக். அவர் போய்ச் சேரும்வரை பேச்சுக் கொடுத்துக்கொண்டிருப்பதுதான் இவள் வேலை. ஒரு தடவை ஒரு வக்கீல் உள்ளே மாட்டிக்கொண்டு முக்கால் மணி நேரம் இவளைத் திட்டினார். திட்டி முடிக்கட்டும் என்று இவளும் 'உம்' கொட்டிக்கொண்டிருந்தாள்.

சம்பளமில்லாத இன்னொரு வேலையும் இருந்தது. அதில்தான் உயிரையே வைத்திருந்தாள். வீட்டுத் தையல் மெஷின்களைத் தாங்களே ரிப்பேர் பார்க்கிறவர்களுக்கென்று இணையத்தில் ஒரு மன்றம். அதை நடத்துபவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார், எல்லாருக்கும் அவர் கண்ணாடிக்காரர். நாலாயிரம் பேர் எழுதுகிற இடத்தில் உதவி மேசை என்று ஒன்று வேண்டுமே! அந்த மேசைக்கு இவள். அங்கே இவள் பேர் ஊசிக்கண். பேரைப் பார்த்து எல்லாரும் ஆண் என்றே முடிவு கட்டிவிட்டார்கள். இவளும் திருத்தவில்லை. வீட்டுக்காரர்கூட, "ஊசிக்கண் அண்ணே, சாப்பாடு ஆறிப்போகுது" என்று கூப்பிட்டுக் கேலி செய்வார்.

உதவி மேசைக்கு வருகிற கேள்விகளில் பத்துக்கு எட்டு ஒரே கேள்விதான். 'நான் இங்கே ஒரு பேச்சில் கலந்துகொண்டேன், அது எங்கே போச்சு?' வேறென்ன! மனுஷனுக்குத் தான் பேசினது எங்கே என்று மறந்துபோகும், ஆனால் யாரோ பதில் சொல்லியிருப்பார்கள் என்று மட்டும் மறக்காது. அதற்குத்தான் பழைய மன்றத்தில் ஒரு வசதி இருந்தது. நீங்கள் ஒரு தடவை எழுதிய பேச்சின் தலைப்புக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு சிவப்புப் புள்ளி விழும். 'என் பேச்சுகள்' என்ற பொத்தானை அமுக்கினால் புள்ளி விழுந்தவை எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். அவ்வளவுதான் விஷயம். அதையும் படம் போட்டு, அம்புக்குறி வரைந்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக விளக்குவாள். "இதைவிடச் சுலபமா சொல்ல முடியாதுங்க" என்று எழுதிவிட்டு, அதைவிடச் சுலபமாக இன்னொரு தடவை சொல்வாள்.

அவளுக்கும் ஒரே ஒரு சிவப்புப் புள்ளிதான் முக்கியம். அது 'பெல்ட் நழுவுகிறது' என்ற பேச்சின் பக்கத்தில் இருந்தது.

அதைத் தொடங்கியவர் பேர் பழைய இரும்பு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் காலை ஆறு பத்துக்கு அவர் முதன்முதலாக எழுதினார். 'கால் மெஷின். பெல்ட் நழுவுகிறது. இழுப்பறையின் பிடி உடைந்து, அதற்குப் பதில் சைக்கிள் நட்டு போட்டிருக்கிறது. பலகையின் இடது ஓரத்தில் இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு உள்ளது. இவற்றால் பெல்ட் நழுவுமா?'

யாராவது சிரிப்பார்களா மாட்டார்களா? நாலு பேர் சிரித்தார்கள். லிஃப்ட் அக்கா மட்டும் சிரிக்கவில்லை. நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். அந்தத் தழும்பை வைத்தவளே இவள்தான், பன்னிரண்டு வயதில். அந்த நட்டைத் தன் சைக்கிளிலிருந்து கழற்றி மாட்டியவர் அப்பா. மெஷின் அம்மாவுடையது.

அப்பா இவளோடு பேசி அப்போதே நாலு வருஷம் ஆகியிருந்தது. அம்மாவுக்கு வயிற்றில் ஆபரேஷன். உடனே செய்தாக வேண்டும் என்றார் டாக்டர். மாத்திரையிலேயே பார்க்கலாம், அவசரப்படாதே என்று அப்பா சொல்லிவிட்டு டீ குடிக்கக் கீழே போயிருந்தார். நர்ஸ் காகிதத்தை நீட்டினாள். லிஃப்ட் அக்கா கையெழுத்துப் போட்டாள். அம்மா அந்த மேசையிலிருந்து எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்து அப்பா ஒன்றே ஒன்று கேட்டார். "என்னைக் கேட்டியா நீ?" அதுதான் அவர் இவளோடு பேசின கடைசிப் பேச்சு. அதற்குப் பிறகு இவளுடைய தம்பி, சின்னவன் வீட்டோடு போய்விட்டார். இவள் போன் செய்தால் சின்னவன் எடுப்பான். பின்னால் டி.வி. சத்தம் சட்டென்று நிற்கும், நாற்காலி நகரும், அவர் எழுந்து போய்விட்டார் என்று தெரியும்.

ஆகவே, அப்பாவுக்கு ஊசிக்கண் பதில் எழுதினாள். 'தழும்பால் நழுவாது ஐயா. பெல்ட் எத்தனை வருஷப் பழசு?' மறுநாள் ஆறு பத்துக்குப் பதில் வந்தது. 'நன்றி தம்பி. இருபது வருஷம்.' அப்படித் தொடங்கியதுதான். புது பெல்ட், அது தடித்துப் போனது, அடுத்த பெல்ட், அது மெலிந்து போனது, சக்கரத்தின் அச்சு, மிதிப்பலகையின் ஆட்டம், எண்ணெய். மற்றவர்கள் மூன்றாம் பக்கத்தோடு கழன்றுகொண்டார்கள். இவர்கள் இரண்டு பேர் மட்டும் நாற்பத்தேழு பக்கம் பேசினார்கள். மெஷினில் ஒரு தையல்கூடப் போட்டிராத மனுஷர்! பஸ் டிப்போவில் முப்பது வருஷம் ஸ்பானர் பிடித்தவர். எண்ணெய் போட்ட அன்று சளி பிடித்திருந்தால் அதையும் எழுதுவார். 'தம்பி, கஷாயம் குடிக்கலாமா?' என்று கேட்கிற அளவுக்கு வந்துவிட்டார். இவள் அலுவலகத்துக்குக் கிளம்புகிற அவசரத்திலும் நின்றுகொண்டே படிப்பாள். "பெல்ட்டுக்கு எப்படி இருக்காம்?" என்பார் வீட்டுக்காரர். "சளி பரவாயில்லையாம்" என்பாள் இவள்.

சொல்லிவிடேன் என்று வீட்டுக்காரர் எத்தனையோ தடவை சொன்னார். எப்படிச் சொல்வது? சொன்ன நிமிஷமே, இத்தனை நாளாக ஏமாற்றினாயா என்று ஆகிவிடாதா? நாளைக்கு, அடுத்த மாசம், பெல்ட் சரியானதும் என்று தள்ளிக்கொண்டே வந்தாள்.

அப்போதுதான் கண்ணாடிக்காரர் மன்றத்தைப் புது சாஃப்ட்வேருக்கு மாற்றினார். நல்ல எண்ணம்தான், மனுஷரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மாறும்போது சிவப்புப் புள்ளிகள் எல்லாம் கொட்டிப்போயின. பேச்சுகள் இருந்தன, யார் எதில் பேசினார்கள் என்ற கணக்கு மட்டும் இல்லை. 'என் பேச்சுகள்' பொத்தானை அமுக்கினால் வெள்ளைத் திரை. முதல் பக்கமோ புதிதாகத் தொடங்கிய பேச்சுகளை மட்டும் காட்டியது.

"ரெண்டே வாரம். சரி பண்ணிடுறேன். அதுவரைக்கும் நீங்க கொஞ்சம் சமாளிங்க" என்றார் கண்ணாடிக்காரர் போனில்.

"நாலாயிரம் பேரையா?"

"கேக்கிறவங்களுக்கு மட்டும் சொன்னாப் போதும். எல்லாருமா கேக்கப் போறாங்க?"

கேட்டார்கள். முதல் நாளே நூற்று நாற்பது கடிதம். லிஃப்ட் அக்கா ஒவ்வொரு பேராகத் தேடி, அவர் எழுதிய பேச்சுகளைக் கண்டுபிடித்து, பட்டியல் போட்டு அனுப்பினாள். கண் எரிந்தது. கடிதம் எழுதத் தெரியாதவர்கள், அல்லது பொறுமையில்லாதவர்கள், மன்றத்திலேயே புதுப் பதிவு போட்டார்கள். 'என் பேச்சு எங்கே?' 'பாபின் பற்றிக் கேட்டிருந்தேனே?' 'ஐயா, காணவில்லை!' முதல் பக்கம் முழுக்க இதே கூக்குரல். அவற்றை மூடுவதும் இவள் வேலைதான். மூடுகிறபோது கீழே ஒரு வாசகம் தானாக விழும்படி அவளே எழுதி வைத்திருந்தாள். 'இது ஏற்கெனவே கேட்கப்பட்ட கேள்வி. இதற்குத் தனிப் பதிவு தேவையில்லை. மூடப்பட்டது. ஊசிக்கண்.'

அப்பாவுக்கு? அவர் தினமும் ஆறு பத்துக்கு உள்ளே வந்தார். உதவி மேசைக்காரர்களுக்கு மட்டும் தெரிகிற ஒரு பட்டியல் உண்டு, யார் இப்போது எந்தப் பக்கத்தில் நிற்கிறார் என்று காட்டும். பழைய இரும்பு, முதல் பக்கம். நாலு நிமிஷம். வெளியே. மறுநாளும் அப்படியே. தேடுகிறார், கிடைக்கவில்லை, போய்விடுகிறார்.

'பழைய இரும்பு ஐயா, நம் பேச்சு இங்கே இருக்கிறது' என்று ஒரு பதிவு போட எத்தனை நிமிஷம் ஆகும்? ஒரு நிமிஷம் ஆகாது. விரலை வைக்கவும் வைத்தாள். ஆனால் உள்ளே ஒரு வீம்பு வந்து உட்கார்ந்துகொண்டது, அதை என்னவென்று சொல்ல! ஆறு வருஷமாக அந்த மனுஷர் என்னைக் கேட்கவில்லை. ஒரே ஒரு தடவை அவராகக் கேட்கட்டுமே. மகளை வேண்டாம், அந்தத் தம்பியையாவது கேட்கட்டுமே. கேட்ட அந்த நிமிஷமே முதல் ஆளாக அவருக்குத்தான் பட்டியல். இப்படி நினைத்துக்கொண்டு உதவிப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பனுக்குப் பிறந்த பிடிவாதம், வேறென்ன?

ஐந்தாவது நாள் சனிக்கிழமை. முதல் பக்கத்தில் புலம்பல் பதிவுகள் இருபத்தாறு சேர்ந்துவிட்டன. மொத்தமாக மூடுவதற்கு ஒரு வழி இருந்தது. தலைப்புகள் மட்டும் வரிசையாக வரும், யார் எழுதியது என்று காட்டாது. பக்கத்தில் உள்ள கட்டங்களில் டிக் போட்டுக்கொண்டே போய்க் கடைசியில் ஒரு பொத்தானை அமுக்க வேண்டியதுதான். காலை எட்டு மணிக்கு, அடுப்பில் பால் வைத்துவிட்டு, டிக், டிக், டிக் என்று போட்டாள். பால் பொங்குகிற சத்தம் கேட்டுப் பொத்தானை அமுக்கிவிட்டு ஓடினாள். இருபத்தாறும் மூடின. அன்றைக்கு அவளுக்கு வேலை முடிந்த திருப்திகூட இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆறு பத்துக்கு அவர் வரவில்லை. திங்களும் இல்லை. செவ்வாயும் இல்லை. உடம்புக்கு என்னவோ என்று சின்னவனுக்குப் போன் போட்டாள். "நல்லாத்தான் இருக்காரு. கொஞ்சம் உம்முனு இருக்காரு, அவ்வளவுதான்" என்றான். புதன்கிழமை காலை, பழைய இரும்பு கடைசியாக எழுதியது என்ன என்று தேடினாள். சனிக்கிழமை, காலை ஆறு நாற்பது. தலைப்பு, 'வணக்கம்'.

'வணக்கம். நான் இங்கே தனியாக எதுவும் கேட்டதில்லை. பெல்ட் விஷயமாக ஊசிக்கண் என்கிற தம்பியோடு பேசிக்கொண்டிருந்தேன். இப்போது அந்த இடம் தெரியவில்லை. ஐந்து நாளாகத் தேடுகிறேன். நேற்று மாலை மெஷின் ஓடிவிட்டது. பெல்ட் நழுவவில்லை. அதை அந்தத் தம்பியிடம்தான் முதலில் சொல்ல வேண்டும். வழி தெரிந்தவர்கள் சொன்னால் நன்றி.'

அதற்குக் கீழே, ஒரு மணி இருபது நிமிஷம் கழித்து, 'இது ஏற்கெனவே கேட்கப்பட்ட கேள்வி. இதற்குத் தனிப் பதிவு தேவையில்லை. மூடப்பட்டது. ஊசிக்கண்.'

அடிப்பாவி! அவள் தன்னைத்தானே அப்படித்தான் சொல்லிக்கொண்டாள், வாய்விட்டு. முப்பது வருஷம் டிப்போவில் மேலதிகாரியிடம்கூட ஒரு லீவு கேட்காத மனுஷர், அரை மணி நேரம் தட்டித் தட்டி எழுதிக் கேட்டிருக்கிறார். யாரைத் தேடிக் கேட்டாரோ, அந்த ஆளே வந்து கதவைச் சாத்தியிருக்கிறான். வீட்டுக்காரர் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேஸை அணைத்தார்.

உடனே பூட்டைத் திறந்தாள். 'ஐயா, மன்னிக்கணும், தெரியாமல் மூடிவிட்டேன், நம் பேச்சு இங்கே இருக்கிறது' என்று எழுதி வழியையும் போட்டாள். எழுதி என்ன? படிக்க ஆள் வர வேண்டாமா? தனிச் செய்தி அனுப்பினால் மணி படத்தின் மேல் ஒரு எண் வரும், அதை அவர் அமுக்கியதே கிடையாது. மெயில் முகவரி சின்னவன் என்றைக்கோ உண்டாக்கி மறந்துபோனது. எந்த லிஃப்டில் யார் மாட்டினாலும் ஒரு மெக்கானிக்கை அனுப்புகிறவள், இங்கே அனுப்ப ஆளில்லாமல் உட்கார்ந்திருந்தாள். கடைசியில் மறுபடியும் சின்னவனுக்குத்தான் போன் போட்டாள்.

"அப்பா லேப்டாப் பாக்கிறாரா?"

"இல்லக்கா. சனிக்கிழமையே பீரோ மேல தூக்கி வச்சிட்டாரு. ஏன்பான்னு கேட்டா, அங்க வேலை முடிஞ்சுதுங்கிறாரு. மெஷினுக்கும் உறை போட்டு மூடிட்டாரு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பூரா ஓட்டி ஓட்டிக் காமிச்சாருக்கா, சின்னப் பிள்ளை மாதிரி."

"சின்னவா, அவர்கிட்ட ஒண்ணு சொல்லு. அந்த ஊசிக்கண் வேணும்னு மூடல. கை தவறிடுச்சு. அவர் வர்றாரான்னு தினமும் பாத்துக்கிட்டே இருக்காங்கன்னு சொல்லு."

"யாரு ஊசிக்கண்?"

"நீ சொல்லேன்."

அவன் போனைக் கையில் பிடித்தபடியே சத்தமாகச் சொன்னான். டி.வி. சத்தம் நின்றது. நாற்காலி நகரவில்லை. தூரத்தில் அப்பாவின் குரல், ஆறு வருஷத்துக்கப்புறம், ஏதோ முணுமுணுத்தது. சின்னவன் திரும்ப வந்தான்.

"உனக்கு எப்படித் தெரியும்னு கேக்கிறாருக்கா. என்ன சொல்லட்டும்?"

லிஃப்ட் அக்கா சுவரில் சாய்ந்துகொண்டாள். பொய் சொல்லலாம். அங்கே எனக்குத் தெரிந்தவர் என்று சொல்லலாம், ஊசிக்கண் தம்பி பிழைத்துக்கொள்வான், பேச்சும் தொடரும். ஆனால் கேட்டிருக்கிறார். அவராகக் கேட்டிருக்கிறார்.

"நான்தான் அதுன்னு சொல்லு."

"எது?"

"ஊசிக்கண். ரெண்டு வருஷமா பெல்ட் பத்திப் பேசினது நான்தான்னு சொல்லு."

சின்னவன் மெதுவாக, இந்தத் தடவை சத்தம் போடாமல், போய்ச் சொன்னான். அவள் காதைப் போனில் அழுத்தி வைத்துக்கொண்டாள். திட்டுவார் என்று காத்திருந்தாள். திட்டினால்கூடத் தேவலை, வக்கீல் திட்டின மாதிரி முக்கால் மணி நேரம் திட்டட்டும்.

"எழுந்து உள்ள போயிட்டாருக்கா" என்றான் சின்னவன்.

மறுநாள் காலை திரையைத் திறக்கவே கூடாது என்றிருந்தாள். ஆறு ஒன்பதுக்குத் திறந்தாள். ஆறு பத்துக்குப் பட்டியலில் பழைய இரும்பு வந்தார். முதல் பக்கத்தில் நிற்கவில்லை. அவள் போட்ட வழியைப் பிடித்து நேராகப் போய்விட்டார். 'பெல்ட் நழுவுகிறது. பக்கம் ஒன்று.' நாலு நிமிஷம். வெளியே. ஒரு வார்த்தை எழுதவில்லை.

அடுத்த நாள், பக்கம் இரண்டு. அதற்கடுத்த நாள், பக்கம் மூன்று.

இவளுக்கு அப்போதுதான் புரிந்தது. முதலிலிருந்து படிக்கிறார். தம்பி எழுதியதை எல்லாம், மகள் எழுதியது என்று தெரிந்துகொண்டு, ஒரு நாளைக்கு ஒரு பக்கமாகப் படிக்கிறார். இவள் என்ன எழுதினாலும் அது நாற்பத்தேழாம் பக்கத்தில்தான் போய் விழும், அவர் இருக்கிற இடத்துக்கு எட்டாது. போன் செய்தால் சின்னவன், "பேச மாட்டேங்கிறாருக்கா. ஆனா உறையை எடுத்துட்டாரு" என்கிறான். ஆகவே இவளும் தினமும் ஆறு பத்துக்கு அவர் படிக்கிற பக்கத்தைத் திறந்து கூடவே படிக்கிறாள். கஷாயம் பதினாலாம் பக்கம். மிதிப்பலகை இருபது. ஒரு ஜோக் இருபத்திரண்டில் இருக்கிறது, அன்றைக்கு அவர் ஐந்து நிமிஷம் இருந்தார். வீட்டுக்காரர் இப்போது கேலி செய்வதில்லை. "இன்னைக்கு எத்தனை?" என்று மட்டும் கேட்கிறார்.

இதற்குள் கண்ணாடிக்காரர் சிவப்புப் புள்ளிகளைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டார். எல்லாருக்கும் அவரவர் பேச்சு கிடைத்துவிட்டது. நன்றிக் கடிதம் மட்டும் எண்பது வந்தன, லிஃப்ட் அக்கா ஒன்றைக்கூடத் திறக்கவில்லை.

அவளுக்கு முப்பத்தொன்றாம் பக்கத்தில்தான் பயம். அங்கே அவள், தம்பியாக இருந்துகொண்டு, 'வீட்டில் வேறு யாருக்காவது தையல் தெரியுமா ஐயா?' என்று கேட்டிருக்கிறாள். 'மகளுக்குத் தெரியும். இங்கே இல்லை' என்று அவர். 'அவர்களைக் கூப்பிட்டுக் கேட்கலாமே?' என்று இவள். பதில் இல்லை. அதற்குக் கீழே, மனசு தாங்காமல், இவள் எழுதியிருக்கிறாள். 'நல்லதென்று நினைத்துத்தானே ஐயா அவர்கள் கையெழுத்துப் போட்டிருப்பார்கள்.' கையெழுத்தைப் பற்றி அவர் ஒரு எழுத்துகூட எழுதியிருக்கவில்லை. அன்றைக்கு அவர் கண்ணில் படவில்லையோ என்னவோ, மறுநாள், 'பெல்ட் பற்றிப் பேசலாம் தம்பி' என்று மட்டும் வந்தது.

அதை அழித்துவிடலாமா என்று திருத்துகிற பெட்டியைத் திறந்தாள். உதவி மேசைக்காரி, அந்த அதிகாரம் உண்டு. ஆனால் அழித்தால் அந்த இடத்தில், 'ஊசிக்கண் இன்று இதை நீக்கினார்' என்று தேதியோடு ஒரு வரி விழும். அவரைக் கேட்காமல் இன்னொரு தடவை. பெட்டியை மூடினாள்.

இன்று காலை ஆறு பத்துக்கு வந்தார். முப்பதாம் பக்கம். நாலு நிமிஷம் இருந்துவிட்டுப் போனார். ஒன்பது மணிக்கு லிஃப்ட் அக்கா மேசையில் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டியதும் முதல் மணி அடித்தது, ஏதோ ஒரு கட்டடத்தில் யாரோ ஒரு பெரியவர், உள்ளே விளக்கும் அணைந்துபோச்சு என்றார். "பயப்படாதீங்க ஐயா, நான் இருக்கேன்" என்று சொன்னவளுக்கு அதற்கு மேல் குரல் எழும்பவில்லை. "ஹலோ, ஹலோ, இருக்கீங்களா?" என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

நாளைக்கு முப்பத்தொன்று.